சகனில் விட்ட இடம்

சாய்ந்தமருது
02.02.2024

அல்லாஹ்வின் காவலில் இருக்கும் என் மகன் ஜெஸீமுக்கு உம்மா ஸகியா எழுதுவது. ஸலாம். நானும் றஸ்னா ராத்தாவும் றிபாத் மச்சானும் சுகம். உன் சுகத்தை யாரிடம் கேட்பது என்று தெரியாமல்தான் இந்தக் காகிதத்தை எடுத்தேன்.

வாப்பாவுக்குக் கத்தம் ஓதின நாளிலிருந்து உன் போன் வேலை செய்யவில்லை. மச்சானின் போனை வாங்கி வாங்கி எனக்கே கூச்சமாகிவிட்டது. புருசன் போய் இத்தா இருக்கிறவளுக்கு இவ்வளவு போன் எதற்கு என்று அவர் கேட்கவில்லை, கேட்கிற ஆளும் இல்லை. ஆனாலும் இது மகள் றஸ்னாவின் வீடு. அதை நான் மறக்கக் கூடாது. ஐந்தாம் வகுப்போடு விட்ட எழுத்து, கூட்டிக் கூட்டிப் படித்துக்கொள்.

வாப்பா மவுத்தாகி நாற்பதாம் நாள் கத்தம் நல்லபடி முடிந்தது. நான் திரைக்குப் பின்னால் அறையில் இருந்தேன். விறாந்தையில் ஓதுகிற சத்தத்தில் ஒவ்வொரு குரலாகப் பிரித்துப் பார்த்தேன். வாப்பாவின் குரல் இனி இல்லை, அது தெரியும். உன் குரலும் இல்லை.

சோறு வைக்கப் பிந்திவிட்டது. நீ வந்துகொண்டிருக்கிறாய் என்று வாப்பாவின் தம்பி அச்சிமுகம்மது சாச்சா தன் சகன் தட்டில் உனக்கு இடம் விட்டு மற்றவர்களைத் தள்ளி உட்கார வைத்தார். "கோல் கீப்பர்ட கை பெரிய கை, தள்ளி இரிங்கடா" என்றார். எல்லாரும் சிரித்தார்களாம். ஒரே தட்டில் எல்லாருடைய கையும் சுற்றி வர, உன் பக்கத்துச் சோறு மட்டும் கரை இடியாமல் அப்படியே கிடந்தது என்று றஸ்னா வந்து சொன்னாள்.

அதைக் கேட்டுத்தான் பின்னேரம் அஸர் பாங்குக்கு முன்னால் உனக்குப் போன் எடுத்தேன். நீ எடுத்தாய். "உம்மா" என்றாய். அதற்குப் பிறகு இரைச்சலாக இருந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. போன் நின்றுவிட்டது.

உன் கைகால் நன்றாக இருக்கிறதா? உன்னோடு விளையாடுகிற பிள்ளைகள் எல்லாரும் சுகமா? இதற்கு மட்டும் பதில் எழுது.

துஆவோடு,
உம்மா


விடுதி
11.02.2024

அன்புள்ள உம்மாவுக்கு, மகன் ஜெஸீமின் ஸலாம். நான் நலம். உங்கள் தலைச்சுற்று எப்படி? மருந்தை விட வேண்டாம்.

கத்தத்துக்கு வராததற்கு மன்னியுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் பயிற்சி வைத்தார்கள். வராதவனுக்கு அணியில் இடமில்லை என்று விளையாட்டு சேர் சொல்லியிருந்தார். மே மாதம் பல்கலைக்கழகங்களுக்கிடையே போட்டி.

போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. திருத்தக் கொடுத்திருக்கிறேன். என் கூட்டாளிகளின் போனுக்கு எடுக்க வேண்டாம், எல்லாரும் பரீட்சைக்குப் படிக்கிறார்கள். கடிதமே நல்லது.

எல்லாரும் சுகமா என்று கேட்டிருந்தீர்கள். புதிதாகச் சேர்ந்த ஒரு பொடியனுக்கு மைதானத்தில் அடிபட்டது. விளையாட்டில் நடக்கிறதுதான். பேஸ்புக்கில் ஏதாவது வந்து ராத்தா காட்டினால் நம்ப வேண்டாம்.

வாப்பாவுக்காக யாசீன் ஓதினேன்.

உங்கள் மகன்,
ஜெஸீம்


சாய்ந்தமருது
17.02.2024

என் மகனுக்கு ஸலாம். உன் எழுத்தைக் கண்டதும் உயிர் வந்தது. படித்து முடிய அது திரும்பவும் போய்விட்டது. ஏனென்று கேட்காதே. தலைச்சுற்று குறைவு, மருந்து எடுக்கிறேன்.

காரைதீவிலிருந்து தயிர் கொண்டு வருகிற சீனித்தம்பி நேற்று வாசலில் நின்று றஸ்னாவோடு கதைத்தார். நான் அடுப்படியில் நின்றேன்.

"எங்கட தங்கரத்தினத்தின்ட பொடியன் ஜதுசன் தெரியும்தானே? கெம்பஸ்ல பந்தடிக்கப் போய் கோல் இரும்பு மேல விழுந்திட்டாம். முள்ளந்தண்டு போயிட்டு எண்டு சொல்றாங்க. கால ஆட்ட ஏலாதாம். என்ன வளர்த்தி வளர்ந்த புள்ள."

றஸ்னா எந்தக் கெம்பஸ் என்று கேட்டாள். அவர் உன் கெம்பஸைத்தான் சொன்னார்.

இரும்பு என்ற சொல் காதில் விழுந்ததும் என் கையிலிருந்த உலைமூடி நழுவிச் சீமெந்தில் விழுந்தது. அந்தச் சத்தத்தில் நான் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். றஸ்னா தலைச்சுற்று என்று நினைத்துத் தண்ணீர் கொண்டு வந்தாள். நானும் ஓம் என்று சொன்னேன்.

தங்கரத்தினம் அக்காவை உனக்கு நினைவிருக்காது. கடல் வந்து போன பிறகு அவர்களின் வீட்டு முன்மதிலை வாப்பாதான் கட்டிக் கொடுத்தார். நீ அந்த மணல் குவியலில் ஏறி விளையாடுவாய். அவ உனக்குத் தேத்தண்ணியில் பால் கூட ஊற்றித் தருவா.

அந்தப் பிள்ளை உங்கள் அணியில்தானா மகன்? நீ எழுதிய பொடியன் அவன்தானா? பெயரை ஏன் எழுதவில்லை?

வாசலில் ஓட்டோ நின்றால் யார் என்று எழும்பி நிற்கிறேன். இத்தாவில் இருப்பதால் வெளியே போய்ப் பார்க்கவும் ஏலாது. திரைக்குப் பின்னால் இருந்து காது கொடுத்துக்கொண்டே இருக்கிறேன்.

உன்னை அல்லாஹ்விடமே ஒப்படைத்த
உம்மா


(முகவரி பின்னால் எழுதியிருக்கிறேன். விடுதிக்கு எழுத வேண்டாம்.)
26.02.2024

அன்புள்ள உம்மாவுக்கு ஸலாம். நீங்கள் பயப்படாமல் வாசிக்க வேண்டும். றஸ்னா ராத்தாவுக்கு இதைக் காட்ட வேண்டாம்.

போன் தண்ணீரில் விழவில்லை. நிர்வாகம் எடுத்து வைத்திருக்கிறது. அணியில் எல்லாருடைய போனையும் எடுத்தார்கள். எங்களுக்கு வகுப்புத் தடை. விடுதிக்குள்ளும் போகக் கூடாது. டவுனில் ஓர் அறையில் நாலு பேர் இருக்கிறோம். பகிடிவதை, ராகிங் என்று விசாரணைக் குழு போட்டிருக்கிறார்கள். குற்றம் கண்டால் படிப்பை நிறுத்துவார்கள், பொலிஸுக்குக் கொடுப்பார்கள். பொலிஸுக்குப் போனால் பிணை லேசில் இல்லை. ரிமாண்ட்தான்.

ஓம், ஜதுசன்தான். புதிதாக அணிக்கு வந்தவர்களைக் கோல் கம்பத்தில் தொங்க விடுவது இங்கே பழக்கம். முந்திய வருடம் நானும் தொங்கினேன். எங்கள் கோல் மண்ணில் புதைத்ததல்ல, தூக்கி வைக்கிற இரும்பு. ஓர் ஆள் பின்கம்பியில் ஏறி நிற்க வேண்டும். இல்லாவிட்டால் தொங்குகிறவனின் மேல் சரிந்துவிடும். அன்று சரிந்துவிட்டது.

இப்போது சேரும் அணித் தலைவரும் ஒரு வழி சொல்கிறார்கள். பின்னால் ஆள் நின்றது என்றால், நாங்கள்தான் அவனைத் தொங்க வைத்தோம் என்றாகும். பின்னால் யாருமே நிற்கவில்லை என்றால், அவனாக விளையாட்டுக்கு ஏறினான், விபத்து. கோல் கீப்பர் நான், பின்னால் நிற்கிற ஆளும் வழக்கமாக நான்தான் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் நான் அன்று ஊரில் இருந்தேன் என்று சொல்லியிருக்கிறேன்.

உம்மா, யாராவது வந்து கேட்டால், வாப்பாவின் கத்தத்துக்கு மகன் வந்தவர் என்று மட்டும் சொல்லுங்கள். வேறு ஒன்றும் வேண்டாம். அந்த ஒரு சொல்லில் என் படிப்பு இருக்கிறது. மற்ற எல்லாப் பிள்ளைகளின் படிப்பும் இருக்கிறது.

ஜெஸீம்


சாய்ந்தமருது
04.03.2024

என் மகனுக்கு ஸலாம். சாப்பிடுகிறாயா? நாலு பேருக்கு யார் சமைக்கிறது? அந்த ஊர்க் குளிருக்குப் போர்வை இருக்கிறதா?

உன் கடிதத்தை அலுமாரியில் வாப்பா உடுத்த சாரத்துக்குள் வைத்திருக்கிறேன். அவர் இருந்திருந்தால் பஸ் ஏறி வந்து எல்லாரிடமும் கதைத்திருப்பார். அந்த மனிசன் கோபக்காரர், ஆனால் இப்படியான நேரத்தில் முன்னுக்கு நிற்பார். எனக்கு முன்னுக்கு நிற்க வாசலே இல்லை.

அடுப்படியில் நின்று சொல்லிப் பார்த்தேன். "ஓம், மகன் வந்தவர்." சொல்லி வாய் மூடவில்லை, உள்ளேயிருந்து றஸ்னா ஓடி வந்துவிட்டாள். "எங்க உம்மா? தம்பி வந்திட்டானா?" என்று வாசல் வரை போய்ப் பார்த்தாள். அவளுடைய முகத்தைப் பார்க்க எனக்கு ஏலாமல் போனது.

நீ வரவில்லை என்று ஓதின ஹஸரத்துக்குத் தெரியும். சகனில் இருந்தவர்களுக்குத் தெரியும். உன் பங்கு இறைச்சியை சாச்சா மூடி எடுத்து வைத்து, மறுநாள் பூனைக்குப் போட்டது பக்கத்து வீட்டு ஜெமீலாவுக்கும் தெரியும். இவ்வளவு பேருக்கும் தெரிந்ததை நான் எப்படி மாற்றுவது?

ஆனாலும் சொல்கிறேன் மகன். ஒரு ஆளை மண்ணுக்குக் கொடுத்து இன்னும் அந்த வெள்ளைச் சேலையைக் கழற்றவில்லை. உன்னையும் கொடுக்க என்னால் ஏலாது. வந்து கேட்கட்டும். சொல்கிறேன்.

ஒன்று மட்டும். எல்லாவற்றையும் எழுதினாய். அன்று பின்னால் யார் நின்றது என்று எழுதவில்லை.

உம்மா


12.03.2024

அன்புள்ள உம்மாவுக்கு ஸலாம். இன்று முதல் நோன்பு. நீங்கள் கஞ்சி காய்ச்சியிருப்பீர்கள். இங்கே பேரீச்சம்பழமும் தண்ணீரும்தான், குறையில்லை.

உங்கள் கடிதத்தைக் கண்டு அழுதுவிட்டேன். நீங்கள் சொல்கிறேன் என்றதும் சேரிடமும் சொன்னேன். நல்ல உம்மா என்றார்.

கேட்டால், நான் சனிக்கிழமை பின்னேரம் கல்முனை பஸ்ஸில் வந்தேன், திங்கட்கிழமை விடியப் போனேன் என்று சொல்லுங்கள். சாச்சாவிடமும் சொல்லி வையுங்கள்.

ஒரு சிக்கல் இருக்கிறது. அன்று நீங்கள் எடுத்த போன் கோல் என் போனில் பதிந்திருக்கிறது. வீட்டில் இருக்கிறவனுக்கு வீட்டிலிருந்து ஏன் போன் என்று கேட்பார்கள். மச்சான் கை தவறி நம்பரை அமர்த்திவிட்டார் என்று அவரைச் சொல்லச் சொல்லுங்கள்.

உம்மா, அன்று போனில் உங்களுக்கு என்ன கேட்டது? இரைச்சல்தான் என்று எழுதியிருந்தீர்கள். வேறு ஒன்றும் கேட்கவில்லையே?

பின்னால் யார் நின்றது என்பது இப்போது முக்கியமில்லை.

ஜெஸீம்


24.03.2024

உம்மாவுக்கு ஸலாம். நோன்பு பாதி போய்விட்டது. உங்கள் பதில் இல்லை. சுகமில்லையா? யாராவது வந்தார்களா? நான் கேட்ட கேள்விக்காவது ஒரு வரி எழுதுங்கள். தபால்காரனின் சைக்கிளைப் பார்த்துக்கொண்டு யன்னலிலேயே நிற்கிறேன்.

ஜெஸீம்


சாய்ந்தமருது
29.03.2024

என் மகனுக்கு, நோன்போடு உம்மா எழுதும் ஸலாம். எனக்குச் சுகமில்லாமல் இல்லை. எழுதப் பயமாக இருந்தது. எழுதிவிட்டால் அது உண்மையாகிவிடும் என்று இருந்தேன்.

தங்கரத்தினம் அக்கா வந்து போனா.

நோன்பு திறந்து முடிந்த நேரம். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். ஆஸ்பத்திரியில் மகனோடு இருந்துவிட்டு உடுப்பு மாற்ற வந்தவ, திரும்பிப் போக முதல் என்னைப் பார்க்க வந்திருக்கிறா. "அண்ணர்ட மவுத்துக்கு வரக் கிடைக்கல்ல தங்கச்சி, மனசில வச்சிராத" என்றா. தன் பிள்ளை அப்படிக் கிடக்க, எனக்குத் துக்கம் விசாரிக்க வந்த மனிசி. நான் அவவின் முகத்தைப் பார்க்காமல் வாழைப்பழத்தையே பார்த்துக்கொண்டு இருந்தேன்.

"உன்ட மகனும் அதே டீம்தானே. அவனிட்டக் கொஞ்சம் கேட்டுச் சொல்லுகா, என்ன நடந்த எண்டு. எங்கட ஆக்கள் சிலர் வேற கதை கதைக்கிறாங்க, சோனகப் பொடியனும் அதுல இரிக்கான் எண்டு. நான் வாய மூடச் சொல்லிட்டன். அவங்கட வாப்பா எழுப்பின மதிலுக்க இருந்துகொண்டு நான் அப்பிடிக் கதைக்கலாமா?"

ஜதுசன் என்ன சொல்கிறான் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அவனுக்கும் கெம்பஸால கடிதம் குடுத்திரிக்காங்க தங்கச்சி. அனுமதி இல்லாம கோல்ல ஏறினதாம். இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்லாத புள்ளைக்கு விசாரணையாம். அவன் சொல்றான், நான் ஏறல்ல, பின்னால ஒரு அண்ணா நிண்டு, பயப்படாத தம்பி, நான் புடிச்சிரிக்கன் எண்டு சொன்னவர், அதாலதான் தொங்கினன் எண்டு. ஆரு அந்த அண்ணா எண்டா பேர் சொல்றான் இல்ல. நல்ல அண்ணாவாம். பயிற்சி முடிய பணிஸ் வாங்கித் தாறவராம்."

மகன், நீ கேட்டாய், போனில் என்ன கேட்டது என்று. இப்போது சொல்கிறேன். நீ போனை அமர்த்தி எடுத்தாய், ஆனால் உடனே என்னோடு கதைக்கவில்லை. வேறு யாருக்கோ சொன்னாய். "பயப்படாத தம்பி, நான் புடிச்சிரிக்கன்." பிறகு "ஒரு நிமிசம், உம்மா எடுக்கிறா" என்றாய். உன் காலடி மண்ணில் விழுந்த சத்தம் கேட்டது. நீ குதித்து இறங்கியிருக்கிறாய். "உம்மா" என்றாய். அப்போதுதான் அந்த இரும்பு விழுந்தது. பிறகு ஒரு பிள்ளை கத்தியது. உம்மா என்று கத்தவில்லை, அம்மா என்று கத்தியது. அதனால் அது நீ இல்லை என்று தெரிந்துகொண்டு, நான் அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன். அதைச் சொன்ன வாயால்தான் இவ்வளவு நாளும் நோன்பு பிடிக்கிறேன்.

நீ வேண்டுமென்று செய்யவில்லை. என் பிள்ளை எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பிள்ளை உன் சொல்லை நம்பித் தொங்கினான். இப்போது நாங்கள் எல்லாருமாகச் சேர்ந்து, பின்னால் ஆளே இல்லை என்று அவனுக்குச் சொல்லப் போகிறோம்.

வந்தவர் என்று என்னால் சொல்ல ஏலாது. நீயாகப் போய்ச் சொல். அவர்கள் இங்கே வருவதற்கு முதல் போ. நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

உம்மா


05.04.2024

உம்மாவுக்கு,

நீங்கள் என்ன எழுதுகிறீர்கள் என்று விளங்கித்தான் எழுதுகிறீர்களா? நான் போய்ச் சொன்னால் என்னைத் தனியே பிடித்துக் கொடுப்பார்கள். தலைவரைத் தொட மாட்டார்கள், மே மாதம் அவர் இல்லாமல் அணி இல்லை. இரவில் அறைக்கு ஆள் அனுப்புகிறார்கள். வாய் திறந்தால் அடுத்த முள்ளந்தண்டு என்னுடையதாம். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள்.

வாப்பா இருந்தால் என்னை விட்டுக் கொடுக்க மாட்டார். நீங்கள் அன்று போன் எடுக்காமல் இருந்திருந்தால் இது ஒன்றும் நடந்திருக்காது.

பெருநாளுக்கு வர மாட்டேன். நீங்கள் அவர்களிடம் சொன்னால் இனி எப்போதும் வர மாட்டேன்.

ஜெஸீம்


சாய்ந்தமருது
17.04.2024

என் மகனுக்கு ஸலாம். நீ ஸலாம் எழுதாமல் விட்டாய், நான் எழுதுகிறேன். பெருநாள் வந்தது, போனது. வட்டிலப்பம் அவிக்கவில்லை.

போன் எடுத்தது நான்தான். அதை நீ எழுத முதலே நான் எனக்குச் சொல்லி முடித்துவிட்டேன். பரவாயில்லை, நீயும் சொல்லலாம்.

விசாரணைக் குழுவிலிருந்து வந்தார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் வான் நின்றது. வயதான ஒரு சேர், அவருக்குத் தமிழ் குறைவு. கூட ஒரு மிஸ். வரப் போகிறோம் என்று முதல் நாளே மச்சானுக்குப் போன் எடுத்ததால், அச்சிமுகம்மது சாச்சா வெள்ளைச் சட்டை போட்டு வந்து காத்திருந்தார். அன்று சகனில் இருந்த மற்றவர்களும் வேலிப் பக்கம் நின்றார்கள்.

"மதினி, நீங்க ஒண்டும் கதைக்க வேணாம்" என்று திரைக்கு வெளியே நின்று சாச்சா மெதுவாகச் சொன்னார். "என்ட சகன்லதான் இருந்து திண்டவன் எண்டு நான் சொல்றன். இவங்க எல்லாரும் ஓம் எண்டுவாங்க. வேணுமெண்டா சத்தியம் பண்ணுவம். ஊர்ப் புள்ளய விட்டுக் குடுக்கிறதா?"

உன்மேல் எவ்வளவு பாசம் பார்.  ஓம் என்று சொன்னால் எல்லாம் முடிந்துவிடும், என் நாக்கு நுனியில் நின்றது. ஆனால் சொன்னது வேறு. "அது உங்கட காக்காட பேர்ல வச்ச சோறு தம்பி. அதுல பொய்ய வைக்க வேணாம். அந்த மனிசன் கபுறுக் குழிக்க இருக்கிறார்."

 சாச்சா வேலிப் பக்கம் போய் "போங்கடா, போய் வேலயப் பாருங்க" என்றது கேட்டது.

மிஸ் மட்டும் திரைக்குள் வந்தா. என் பக்கத்தில் பாயிலேயே இருந்தா.

"உங்கட மகன் அண்டைக்கு வீட்ட வந்தவரா?"

"இல்ல மிஸ். இடம் விட்டு வச்ச. வரல்ல."

"அப்ப எங்க நிண்டவர்?"

"அத அவர்தான் சொல்லணும்."

"அவர் சொல்லாட்டி?"

"நான் போன் எடுத்த ஆள் மிஸ். எனக்குக் கேட்ட. ஆனா முதல்ல அவரிட்டப் போய்க் கேளுங்க. மறுகாத்தான் என்னிட்ட வாங்க."

 அவ என்ன நினைத்தாவோ தெரியாது. பேனையை மூடிப் பையில் வைத்துவிட்டு, "வாற திங்கள் மகனத் திரும்பவும் கூப்பிடுவம்" என்று எழும்பினா.

எனக்குக் கேட்டதை நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. அதை நீ சொல்வதற்கு விட்டு வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை வரைக்கும்தான்.

இறங்கிப் போகிற வானின் சத்தம் தேய்ந்து போகும் வரை கேட்டுக்கொண்டு இருந்தேன். கூலிக்கு ஆள் வைத்து என் பிள்ளையை நானே பிடித்துக் கொடுத்த மாதிரி இருக்கிறது. வீட்டில் எல்லாரும் என்னோடு குறைவாகத்தான் கதைக்கிறார்கள்.

நீ கதைக்காவிட்டாலும், உன்
உம்மா


03.05.2024

அன்புள்ள உம்மாவுக்கு மகன் ஜெஸீமின் ஸலாம்.

இத்தா முடிந்திருக்கும். தலைச்சுற்று எப்படி? கடைசியாக எழுதியதற்கு என்னை மன்னியுங்கள்.

உங்கள் கடிதம் கிடைத்ததும் இரண்டு நாள் அறையை விட்டு இறங்கவில்லை. பிறகு முதலில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தங்கரத்தினம் மாமி மருந்து வாங்கப் போயிருந்தா. ஜதுசன் கண்ணை முழித்துக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். என்னைக் கண்டதும் சிரித்தான் உம்மா. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏன்டா என்ட பேரச் சொல்லல்ல?" என்று கேட்டேன்.

"நீங்க சொல்லுவீங்க எண்டு இருந்தன் அண்ணா" என்றான். பிறகு, "அண்டைக்கு உம்மாட போன் கோல்தானே வந்த. எடுக்காம என்ன செய்யிற" என்றான்.

திங்கட்கிழமை அவர்களாகக் கேட்க முதல் நானே சொன்னேன். தொங்கச் சொன்னவர்கள், பார்த்து நின்றவர்கள், வீட்டில் இருந்ததாகச் சொல்லச் சொன்னது யார், எல்லாம்.  சொல்லி முடிய அந்த மிஸ் தண்ணீர் தந்தா.

எனக்கு இரண்டு வருடம் படிப்பு நிறுத்தம். இனி எப்போதும் பல்கலைக்கழகத்துக்காக விளையாட முடியாது. விளையாட்டுக்குத் தந்த கலர்ஸ் விருதையும் திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். தலைவருக்கு ஒரு போட்டிக்கு மட்டும் தடை. சேருக்கு ஒன்றும் இல்லை. ஜதுசனுக்குக் கொடுத்த கடிதத்தைத் திரும்ப எடுத்துவிட்டார்கள். அவனாக ஏறவில்லை என்று எழுத்தில் கொடுத்தார்கள்.

பொலிஸில் வாக்குமூலம் கொடுத்தேன். வருகிற புதன்கிழமை கோர்ட். பிணை கிடைக்கலாம் என்று சட்டத்தரணி சொல்கிறார், கிடைக்காமலும் போகலாம். கிடைத்தால் சனிக்கிழமை கல்முனை பஸ்ஸில் வருகிறேன். வராவிட்டால் எங்கே இருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். எனக்குப் பயமாக இருக்கிறது உம்மா. ஊரில் எந்த முகத்தோடு இறங்குவது?

உங்கள் மகன்,
ஜெஸீம்


சாய்ந்தமருது
06.05.2024

என் மகன் ஜெஸீமுக்கு, உம்மாவின் ஸலாம் முந்தி வரட்டும். புதன்கிழமைக்கு முதல் இது உன் கையில் கிடைக்க வேண்டும் என்று மச்சான் பஸ் கொண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறார். அவராகவே கேட்டு வாங்கினார்.

இத்தா முடிந்து குளித்தேன். முடிந்ததும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறதுதான் வழமை. சாச்சா வீட்டிலும் கூப்பிட்டார்கள். நான் நேற்று காரைதீவுக்குப் போனேன். தங்கரத்தினம் அக்கா ஊருக்கு வந்திருக்கிறா என்று சீனித்தம்பி சொன்னார். றஸ்னா கூட வாறேன் என்றாள், வேண்டாம் என்றேன்.

நடந்தே போனேன்.  அவவின் ஆட்கள் அடிக்க வந்தாலும் வரட்டும் என்றுதான் போனேன். வாப்பா கட்டின மதில் இன்னும் நிற்கிறது, ஒரு வெடிப்பு இல்லை. அதில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

அவ கண்டுவிட்டா. வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு கதிரையைத் தூக்கி வந்து முற்றத்தில் வைத்தா. வீட்டுக்குள் வைக்கவில்லை. நான் இருந்தேன். அவ படியில் இருந்தா. பக்கத்து வீட்டார் வேலியால் எட்டிப் பார்த்தார்கள். "என்ன விடுப்புப் பாக்கிறீங்க? போங்க உள்ள" என்று அவ சத்தம் போட்டா.

 வெயில் சாயும் நேரம் அவதான் கேட்டா.

"அண்டைக்கு என்னத்துக்குகா போன் எடுத்த நீ?"

"சோறு வச்ச அக்கா. மகன்ட இடம் காலியா இருக்கு எண்டாங்க."

அவ நிலத்தைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினா. நெடுநேரம் ஆட்டினா. பிறகு, "உன்ட மகன் வந்தா இஞ்ச வரச் சொல்லு. நான் என்ன சொல்லுவன் எண்டு எனக்கே தெரியா. ஏசுவன். கைய நீட்டினாலும் நீட்டுவன். ஆனா வரச் சொல்லு" என்றா.

அதற்கு நான் ஓம் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னதுக்குக் கோபிக்காதே.

புதன்கிழமை உன்னை உள்ளே வைத்தால் நான் பஸ் ஏறி வருகிறேன். இனி எனக்கு வாசல் இருக்கிறது. பிணை கிடைத்தால், சனிக்கிழமை பஸ் அம்பாறையால் வந்து முதலில் காரைதீவுச் சந்தியில்தான் நிற்கும். வீட்டுக்கு வரும் அவசரத்தில் இருந்துவிடாதே. அங்கே இறங்கு.

சோறு மூடி வைத்திருப்பேன். அது ஆறட்டும்.

உம்மா